‘தள்ளு தள்ளு’ என்றால் ஆங்கிலத்தில் என்ன?

சில ஆண்டுகளுக்கு முன்பு, கோலாலம்பூரில் ஒரு சரக்குக் கிடங்கு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, தமிழில் சொல்லப்பட்ட வாக்குமூலம் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. சாமான் இறக்கும் சரிவுப் பாதையில் கீழே விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்ட இளைஞர் ஒருவரின் வாக்குமூலம் அது. கிளினிக் செலவுக்கும் விபத்துப் பதிவேட்டுக்கும் வேண்டியிருந்ததே தவிர, யார்மீதும் புகார் சொல்வதற்காக அவர் வரவில்லை. அவர் சொன்னதை அப்படியே குறித்து வைத்திருந்தேன்: “அண்ணன் ‘தள்ளு தள்ளு’ன்னு கத்திக்கிட்டே டிராலியத் தள்ளிக்கிட்டு வந்தாரு. நான் திரும்பறதுக்குள்ள என்னயத் தள்ளிவிட்டுட்டாரு.”

அண்ணன் என்றது மேற்பார்வையாளரை. ஐம்பதைக் கடந்தவர். இந்த இரண்டு வாக்கியங்களில் ‘தள்ளு’ என்ற வினை நான்கு முறை வருகிறது. நான்கில் ஒன்றைத்தான், அதாவது டிராலியைத் தள்ளியதைத்தான், நான் சரியாக மொழிபெயர்த்தேன். ‘தள்ளு தள்ளு’ என்று கத்தியதை ‘புஷ், புஷ்’ என்று எழுதினேன். ‘தள்ளிவிட்டுட்டாரு’ என்பதற்கு ‘புஷ்’ போதாது என்று தோன்றியது. அந்த ‘விட்டுட்டாரு’வில் ஏதோ கூடுதலாக இருக்கிறதே, அதை விட்டுவிடக் கூடாதே என்ற அக்கறையில் ‘ஷவ்’ என்று எழுதினேன். அக்கறையோடு செய்த தவறு என்பதால்தான் இன்னும் உறுத்துகிறது.

தமிழ் தெரியாத ஒருவர் அந்த ஆங்கில வாசகத்தைப் படித்தால் அவர் மனத்தில் எழும் காட்சி இதுதான்: ஒருவர் டிராலியோடு வருகிறார், ‘தள்ளுங்கள், தள்ளுங்கள்’ என்று பிறரைத் தூண்டிவிடுகிறார், பிறகு தாமே அந்த இளைஞரை முரட்டுத்தனமாக நெட்டித் தள்ளுகிறார். மேலதிகாரிகள் அப்படித்தான் படித்தார்கள். விபத்துப் பதிவு ஒழுங்கு நடவடிக்கையாக மாறியது. நம் மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 14-ஆவது பிரிவுப்படி, தவறான நடத்தைக்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதற்கு முன் முறையான விசாரணை நடத்த வேண்டும். அந்த விசாரணைக்கு நாள் குறிக்கப்பட்டது. விசாரணைக் குழுவின் மேசையில் அந்த இளைஞரின் தமிழ் இல்லை. என்னுடைய ஆங்கிலம்தான் இருந்தது.

‘புஷ்’ என்பது ஆங்கிலத்தில் நிறமற்ற சொல். குழந்தையின் தள்ளுவண்டியையும் புஷ் செய்யலாம், கதவையும் செய்யலாம், சண்டையில் எதிராளியையும் செய்யலாம். மெதுவாகவா வேகமாகவா, நல்லெண்ணத்தோடா கெட்ட எண்ணத்தோடா என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. ‘ஷவ்’ அப்படியன்று. அதில் உடம்பின் கனமும் ஒரு வெடுக்கென்ற வேகமும் இருக்கின்றன. தள்ளப்படுவது என்ன ஆனாலும் சரி என்ற அலட்சியமும் இருக்கிறது. மண் வாருகிற ‘ஷவல்’ என்ற சொல்லும் இதுவும் ஒரே பழைய ஆங்கில வேரில் முளைத்தவை. துணிகளை அலமாரிக்குள் ஷவ் செய்தேன் என்று எழுதினால் மடிக்காமல் திணித்தேன் என்றே படிப்பவர் புரிந்துகொள்வார். ஒரு மனிதரை ஷவ் செய்தார் என்று எழுதும்போது மண்ணுக்கும் அழுக்குத் துணிக்கும் செய்ததையே அவருக்கும் செய்ததாக ஒரு சாயல் வந்து ஒட்டிக்கொள்கிறது. புஷ் முற்றி ஷவ் ஆகும்போது என்று ஆங்கிலத்தில் ஒரு மரபுத்தொடரே உண்டு. இனி வேறு வழியில்லை என்ற நிலை வந்தால் என்று அதற்குப் பொருள். முதலாவதைத் தாண்டிய கட்டம்தான் இரண்டாவது என்பதை அந்த மொழிக்காரர்கள் யாரும் சொல்லித்தராமலே அறிவார்கள். நாம் அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் ‘தள்ளு’ என்றே போட்டிருக்கும்.

இந்த வேறுபாட்டை வீட்டுக்குள்ளேயே வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். விருந்து முடிந்து கிளம்பும்போது அத்தை நம் கையில் ஐம்பது வெள்ளியை வைத்து அழுத்தி, ‘வச்சிக்கய்யா’ என்று விரல்களை மூடிவிடுகிறார். இதை ஆங்கிலத்தில் எழுத ‘பிரஸ்’ என்ற வினைதான் பொருந்தும். பணத்தைக் கையில் பிரஸ் செய்தார் என்றால் அதில் பாசம் தெரியும். அதே அத்தை, மாமா பார்த்துவிடுவாரோ என்று அவசரமாக நம் முன்னே நோட்டை நீட்டித் திணித்தால் அது ‘த்ரஸ்ட்’. திடீரென்று, நேர்கோட்டில், கூர்மையாக நடக்கும் தள்ளல் அது, கத்தியைப் பாய்ச்சுவதற்கும் அதையே எழுதுவார்கள். நாம் மறுத்ததில் கோபித்துக்கொண்டு சட்டைப்பையில் சொருகிவிட்டுப் போனால் ‘ஷவ்’. பணம் ஒன்று, கை ஒன்று, அத்தையும் ஒருவர்தான்; வினைச்சொல்லை மாற்றியதும் அவருடைய மனம் மாறிவிடுகிறது. தமிழில் இந்த மூன்றையும் எழுத வேண்டுமானால் வைத்து அழுத்தினார், நீட்டித் திணித்தார், சொருகிவிட்டுப் போனார் என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு வினைகளைச் சேர்த்துக் கட்டுகிறோம். அந்தக் கட்டில்தான் நம் மொழி மனநிலையை வைத்திருக்கிறது.

சட்டம் எழுதியவர்கள் ‘புஷ்’ஷின் நிறமின்மையை நன்றாக அறிந்திருந்தார்கள். நம் நாட்டுத் தண்டனைச் சட்டம், இந்தியாவில் 1860-இல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டத்தை அடியொற்றியது. அதன் 350-ஆவது பிரிவு குற்றமுறு வன்விசை என்றால் என்ன என்று விளக்குகிறது. அங்கே ஓர் எடுத்துக்காட்டு: ‘ஏ’ என்பவர் தெருவில் ‘இஸட்’ என்பவர்மீது வேண்டுமென்றே முட்டித் தள்ளுகிறார். மூலத்தில் இருக்கும் வினை ‘புஷ்’தான், ஆனால் அதற்கு முன்னால் ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லைத் தனியாக வைத்திருக்கிறார்கள். அதோடும் விடவில்லை. இஸட்டுக்குச் சம்மதம் இல்லாமலும், அவரைக் காயப்படுத்தவோ அச்சுறுத்தவோ எரிச்சலூட்டவோ எண்ணியோ, அப்படி நேரக்கூடும் என்று அறிந்தோ செய்திருந்தால்தான் அது குற்றம் என்று வளர்த்துக்கொண்டு போகிறார்கள். அவர்கள் ‘ஷவ்’ என்று எழுதியிருந்தால் எண்ணமும் தீர்ப்பும் வினைக்குள்ளேயே அடைபட்டிருக்கும். விசாரிப்பதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது. நான் எழுதிக் கொடுத்த வாசகம் அதைத்தான் செய்திருந்தது.

‘புஷ்’ஷின் பிறப்பையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல்லின் லத்தீன் மூலம் அடித்தல், தட்டுதல் என்ற பொருளுடையது. நாடித் துடிப்பைக் குறிக்கும் ‘பல்ஸ்’ என்பதும் அதே குடும்பம். வெளியே தள்ளும் ‘எக்ஸ்பெல்’, முன்னே தள்ளும் ‘ப்ரொபெல்’, திரும்பத் தள்ளும் ‘ரிபெல்’, நெருக்கித் தள்ளும் ‘கம்பெல்’ எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள்தாம். ஆனால் இவற்றில் கை தெரிவதில்லை. பள்ளியிலிருந்து ஒரு மாணவன் எக்ஸ்பெல் செய்யப்பட்டான் என்று கடிதம் வந்தால், யாரோ ஒருவர் அவனைக் கதவுக்கு வெளியே தள்ளிய காட்சி நம் கண்ணில் விரிவதில்லை. அலுவலகக் கடிதங்கள் இந்தச் சொற்களை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

தமிழின் ‘தள்ளு’வுக்கு வருகிறேன், என் முதல் தவறு அங்கேதான் இருக்கிறது. பேருந்தில் உட்கார இடம் கேட்டு ‘கொஞ்சம் தள்ளுங்க’ என்று சொன்னால், யாரையும் தள்ளச் சொல்லவில்லை. நகர்ந்து உட்காரச் சொல்கிறோம். ‘தள்ளி நில்’ என்றால் விலகி நில். தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளில் காவடி ஏறும்போது ‘தள்ளுங்க, தள்ளுங்க’ என்று குரல் கேட்டால், கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிடுகிறது. அந்தக் குரலை ‘புஷ்’ என்று புரிந்துகொண்டு ஒருவர் செயல்பட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பிறரை நகர்த்துவதற்கும் தானே நகர்வதற்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவதில் நமக்கு ஒரு குழப்பமும் இல்லை; சூழல் பார்த்துக்கொள்கிறது. தாளில் எழுதும்போது சூழல் கூட வருவதில்லை.

இன்னொன்று, ‘தள்ளு’ தமிழில் துணைவினையாகவும் நிற்கும். எழுதித் தள்ளினார், பேசித் தள்ளினார், செலவழித்துத் தள்ளினார் என்கிறோம். மேலே மேலே குவித்தார், நிறுத்தாமல் செய்தார் என்ற பொருள். இதற்கு ‘புஷ்’ குடும்பத்தில் ஈடே இல்லை. ஆங்கிலத்தின் வளம் வேறோர் இடத்தில் இருக்கிறது. தள்ளும் வினைக்குப் பின்னால் ஒரு சிறு சொல்லை ஒட்டி அவர்கள் திசையைக் காட்டுவார்கள்: புஷ் ஓவர் என்றால் கீழே விழவைத்தது, புஷ் அசைட் என்றால் ஓரங்கட்டியது, புஷ் அவே என்றால் விலக்கியது, புஷ் த்ரூ என்றால் எதிர்ப்பை மீறி நிறைவேற்றியது. எப்படித் தள்ளினார் என்பதை வினையும், எங்கே தள்ளினார் என்பதை அந்தச் சிறு சொல்லும் பகிர்ந்துகொள்கின்றன. நம் ‘தள்ளிவிட்டார்’ என்பதில் உள்ள ‘விடு’ திசையையும் காட்டுவதில்லை, முரட்டுத்தனத்தையும் காட்டுவதில்லை. செயல் முடிந்துவிட்டது என்பதைத்தான் சொல்கிறது. கிணற்றில் தள்ளிவிட்டார் என்றும் சொல்கிறோம், ஊஞ்சலில் பிள்ளையை வைத்துத் தள்ளிவிட்டார் என்றும் சொல்கிறோம். முடிவைக் காட்டும் ‘விடு’வை வன்மையைக் காட்டும் ‘ஷவ்’வாக மாற்றினேன் அல்லவா, அது என் இரண்டாவது தவறு.

மலாய் தெரிந்த நமக்கு இந்த விஷயத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. கடைக் கதவுகளில் ‘தோலாக்’ என்றும் ‘தாரிக்’ என்றும் தினமும் பார்க்கிறோம். தோலாக் என்றால் தள்ளு, தாரிக் என்றால் இழு. அதே தோலாக்தான் கணக்குப் பாடத்தில் கழித்தல்; பத்து தோலாக் மூன்று ஏழு. நீதிமன்றத்தில் மேல்முறையீடு நிராகரிக்கப்பட்டாலும் அதே வேர்தான். தமிழிலும் மனு தள்ளுபடி ஆகிறது. தீபாவளிக்கு முன் துணிக்கடையில் விலையிலும் தள்ளுபடி கிடைக்கிறது. நிராகரிப்பதையும் தொகையிலிருந்து குறைப்பதையும் தள்ளுவதாகவே கண்ட இரண்டு மொழிகள் நம் நாக்கில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அதனால்தானோ என்னவோ, விண்ணப்பத்தை அதிகாரி ‘புஷ்’ செய்தார் என்று இங்கே ஆங்கிலத்தில் எழுதிவிடுகிறார்கள். எழுதியவர் சொல்ல நினைத்தது நிராகரிப்பு. ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் படித்தால், விண்ணப்பம் நிறைவேற அதிகாரி முயன்றார் என்று நேரெதிராகப் புரிந்துகொள்வார். இப்படி ஒரு கடிதத்தை என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன்.

அலுவலக மின்னஞ்சல்களில் தள்ளும் வினைகள் படும் பாடு தனி. கூட்டத்தைத் தள்ளிவைப்பது ‘புஷ் பேக்’. அதையே ஒரே சொல்லாகச் சேர்த்து ‘புஷ்பேக்’ என்று எழுதினால் எதிர்ப்பு. வியாழக்கிழமைக் கூட்டத்துக்குப் புஷ்பேக் வந்திருக்கிறது என்று ஒருவர் எழுத, நாள் மாறிவிட்டது என்று எண்ணி இருவர் வராமலே இருந்ததை நான் அறிவேன். முன்னோக்கி நகர்த்துவது இன்னும் ஆபத்து. புதன்கிழமைக் கூட்டத்தை இரண்டு நாள் முன்னோக்கி நகர்த்தியாயிற்று, இப்போது எந்த நாள் என்று உளவியலாளர்கள் கேட்டுப் பார்த்தபோது, ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேர் திங்கள் என்றும் மீதிப் பேர் வெள்ளி என்றும் சொன்னார்கள். நமக்கும் ‘முன்’ என்ற சொல்லில் இதே சிக்கல் இருக்கிறது. ‘இரண்டு நாள் முன்பு’ என்றால் கடந்த காலம், ‘முன்னால் போ’ என்றால் இனி வரும் வழி. ஆனால் ‘தள்ளி’ என்று சேர்த்துவிட்டால் நமக்குச் சந்தேகமே வராது. தள்ளிவைத்த கூட்டம் எந்தக் காலத்திலும் சீக்கிரம் நடந்ததில்லை.

‘ஜென்டில் நட்ஜ்’ என்று தொடங்கும் நினைவூட்டல்களை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ‘நட்ஜ்’ என்பதே முழங்கையால் பக்கத்திலிருப்பவரை இலேசாக இடித்துக் கவனத்தைத் திருப்புவது. மென்மை அதன் உள்ளேயே இருக்கிறது. மேலே இன்னொரு மென்மையைப் பூசும்போது, எழுதியவர் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார் என்பதுதான் தெரிகிறது. 2017-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ரிச்சர்டு தேலர், தடையும் தண்டனையும் இல்லாமல், தேர்வுகளை அடுக்கி வைக்கும் முறையாலேயே மக்களை ஒரு பக்கம் திருப்பலாம் என்ற கருத்துக்கு இந்தச் சொல்லைப் பரவலாக்கினார். அதற்குப் பிறகு சொல்லுக்கு மவுசு கூடிவிட்டது. நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா வட்டி விகிதத்தை 0.25 விழுக்காடு ஏற்றினால் ‘நட்ஜ்’ என்று எழுதுவது இயல்பு. யாரும் ‘ஷவ்’ என்று எழுதுவதில்லை. வீட்டுக் கடன் கட்டுகிறவர்களுக்கு வேறு கருத்து இருக்கலாம்.

இதற்கு நெருங்கிய தமிழ்ச்சொல்லாக ‘தூண்டு’வைச் சொல்வேன். விளக்குத் திரியைச் சற்றே மேலே தள்ளிச் சுடரைப் பிரகாசமாக்குவதுதான் தூண்டுதல். அதற்கான குச்சி தூண்டுகோல். ஆங்கிலத்தின் ‘பிராட்’ என்பதும் குச்சியால் குத்தி நகர்த்துவதுதான், ஆனால் அங்கே குச்சியின் முனையில் இருப்பது மாடு. ஊழியர்களை ஊக்கப்படுத்துவது பற்றி எழுதும்போது ‘பிராட்’ என்று போடுபவர்கள் இதை ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம்.

பொறுப்பை அடுத்தவர்மீது தள்ளுவதற்கு மட்டும் நாம் ஆங்கிலத்தையும் நம்பவில்லை, தமிழையும் நம்பவில்லை. ‘தாய் சி’ ஆடிவிட்டான் என்கிறோம். எதிராளியின் விசையை வாங்கி நாசூக்காகத் திருப்பிவிடும் கைப்பயிற்சி, சீனத் தற்காப்புக் கலையான தாய் சியில் உண்டு. அந்தப் பயிற்சியின் பெயரே ‘தள்ளும் கைகள்’ என்று பொருள்படும். கோலாலம்பூர் அலுவலகங்களில் யாரும் கற்காமலே தேர்ச்சி பெறும் கலை அது.

மாலை ஆறு மணிக்கு மஸ்ஜித் ஜாமேக் எல்ஆர்டி நிலையத்தில் நடப்பதை எழுத ‘ஜொஸில்’ என்ற வினை இருக்கிறது. குதிரைமீது ஏறி ஈட்டியோடு மோதும் பழைய ஐரோப்பியப் போட்டியின் பெயரிலிருந்து பிறந்த சொல். ஒருவர் தள்ளுவதாகச் சொல்ல முடியாமல் எல்லாரும் எல்லாரையும் இடித்துக்கொள்ளும் நிலை. நம் ‘தள்ளுமுள்ளு’ அதற்கு அச்சாகப் பொருந்துகிறது. ‘முண்டியடித்து’ என்பதற்கு ‘எல்போ’ என்ற உடலுறுப்பையே வினையாக்கி வைத்திருக்கிறார்கள்.

விசாரணைக்கு முதல் நாள் குழுத் தலைவர் என்னை அழைத்து, வாக்குமூலத்தைக் காட்டி, ‘புஷ், புஷ் என்று இவர் யாரிடம் சொன்னார்? தள்ளியவர் இன்னொருவரா?’ என்று கேட்டார். அந்தக் கேள்வி வரும்வரை எனக்கு உறைக்கவில்லை. ஒரு மணி நேரம் அவகாசம் கேட்டுக்கொண்டு, கிடங்குக்குப் போய் அந்த இளைஞரைப் பார்த்தேன். அண்ணன் எப்படித் தள்ளினார், என்னைத் தள்ளிக் காட்டு என்றேன். தயங்கினார். பிறகு பக்கவாட்டில் வந்து நின்று, இடது உள்ளங்கையை என் தோளின்மீது விரித்து வைத்து, வெடுக்கென்று இல்லாமல், கனமான கதவை நகர்த்துவதுபோல ஒரே சீராக அழுத்தினார். நான் இரண்டடி விலகிப் போனேன். அவருடைய வலது கை அப்போதும் இல்லாத ஒரு டிராலியின் பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

‘தள்ளு தள்ளு’ என்பதை ‘மூவ், மூவ்’ என்று மாற்றினேன். ‘ஷவ்’ போய் ‘புஷ்’ வந்தது. ‘டிராலியின் வழியிலிருந்து’ விலக்கித் தள்ளினார் என்று எழுதக் கை துடித்தது, எழுதியும்விட்டேன். தமிழில் படித்துக் காட்டியபோது அவர் இடைமறித்தார். “நான் அப்படிச் சொல்லலியேக்கா. காப்பாத்தத் தள்ளுனாரா, கோவத்துல தள்ளுனாரா, எனக்குத் தெரியாது. தள்ளிவிட்டாரு, அவ்ளோதான்.” அவர் சொன்னது நியாயம். ஒரு பக்கம் சாய்ந்த தவறைச் சரிசெய்யப்போய் மறுபக்கம் சாய்ந்திருந்தேன். அந்தத் தொடரை அடித்துவிட்டு, கை காட்டிய திசையை மட்டும் வைத்து, ‘ஒரு பக்கமாக’ என்று பொருள்படும் ‘டு ஒன் சைட்’ என்று எழுதினேன். அவர் கையெழுத்திட்டார்.

விசாரணையில், பாரம் ஏற்றிய டிராலியைச் சரிவில் துணையில்லாமல் இறக்கியதற்காக மேற்பார்வையாளருக்கு எழுத்துவழி எச்சரிக்கை மட்டும் தந்தார்கள். அந்தக் கடிதத்தைத் தயாரித்ததும் நான்தான். அதில் ‘புஷ்’ என்ற சொல் ஒரே ஓர் இடத்தில், டிராலிக்கு மட்டும், வருகிறது.